விமான இஎஸ்சியை டிரக்கில் மாட்டலாமா?

ஆர்சி ஹாபி பக்கம் கொஞ்ச நாள் சுத்தினவங்களுக்கு ஒரு கட்டத்துல இந்த ஆசை வந்தே தீரும். 8எஸ் இல்லன்னா 12எஸ் லிப்போ பேட்டரி போட்ட ஒரு பெரிய எலக்ட்ரிக் டிரக் கட்டணும். மோட்டார் கிடைச்சுடும், சேஸிஸ் கிடைச்சுடும். அந்த வோல்டேஜுக்கு ஏத்த கார் இஎஸ்சி, அதாவது எலக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோலர், விலையைப் பார்த்தாதான் தலை சுத்தும். அதே கடையில அதே வோல்ட், அதே ஆம்பியர் எழுதின விமான இஎஸ்சி அதைவிடக் கம்மி விலைக்கு இருக்கும். ரெண்டுமே மூணு வயர் பிரஷ்லெஸ் மோட்டாரைத்தான் ஓட்டுது. ரெண்டுக்குள்ளயும் மாஸ்ஃபெட்தான் இருக்கு. அப்புறம் எதுக்கு அதிகக் காசு கொடுக்கணும்?

மாட்டலாமான்னு கேட்டா, மாட்டலாம். உலகத்துல நிறைய பேர் மாட்டி ஓட்டியும் இருக்காங்க. ஆனா லேபிள்ல "120 ஆம்பியர்"னு போட்டிருக்கிறது ஒரு புரொப்பெல்லரை மனசுல வெச்சுக் கொடுத்த வாக்கு. புரொப்பெல்லரை எடுத்துட்டு சக்கரத்தை மாட்டினா அந்த வாக்கு அப்படியே செல்லாது. ஏன் செல்லாது, எந்தெந்த இடத்துல செல்லாது, மீறி மாட்டணும்னா என்னவெல்லாம் சேர்க்கணும்ங்கறதை இந்தக் கட்டுரையில ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

ஹை வோல்டேஜ் எதுக்கு?

முதல் செமஸ்டர் சூத்திரம்தான். பவர் என்பது வோல்டேஜ் பெருக்கல் கரண்ட். ஒரு டிரக்குக்கு 3000 வாட் வேணும்னு வெச்சுக்குவோம். 4எஸ் பேட்டரின்னா 14.8 வோல்ட், அதுல ஏறக்குறைய 203 ஆம்பியர் இழுக்கணும். 8எஸ்ல 29.6 வோல்ட், 101 ஆம்பியர் போதும். 12எஸ்ல 44.4 வோல்ட், 68 ஆம்பியர்தான். வயர்லயும் கனெக்டர்லயும் வீணாகிற வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் பாதியானா அந்த வெப்பம் நாலுல ஒரு பங்கு ஆயிடும். பெரிய டிரக் ஓட்டுறவங்க ஹை வோல்டேஜ் பக்கம் போறதுக்கு இதுதான் காரணம்.

இங்க ஒரு நிபந்தனை இருக்கு. வோல்டேஜை ஏத்தினா கரண்ட் தானா குறையாது. மோட்டாரோட கேவி எண், அதாவது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம் என்பது, அதே விகிதத்துல குறையணும். 4எஸ்ல 2200 கேவி மோட்டார் ஓடினா லோடு இல்லாம சுமார் 32,500 ஆர்பிஎம். 8எஸ்லயும் அதே வேகம் வேணும்னா 1100 கேவி மோட்டார் போடணும். பழைய 2200 கேவி மோட்டாரையே 8எஸ்ல மாட்டினா கரண்ட் குறையறதுக்குப் பதிலா எகிறும். ஹை வோல்டேஜ் என்பது பேட்டரியை மட்டும் மாத்துற வேலை கிடையாது. மோட்டார், கியர், இஎஸ்சி மூணையும் சேர்த்து யோசிக்கணும்.

விமானத்துப் பக்கம் ஏன் போனாங்க?

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. 2000-களின் நடுவுல அமெரிக்காவுல டிராக்ஸஸ் ரெவோ, எச்பிஐ சாவேஜ் மாதிரியான நைட்ரோ மான்ஸ்டர் டிரக்குகள் ரொம்பப் பிரபலம். நைட்ரோ இன்ஜினைக் கழட்டிட்டு பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போவும் போடுறது ஒரு தனி ஹாபியாவே வளர்ந்தது. ஐஞ்சுல ஒண்ணு அளவுல இருக்கிற பெட்ரோல் வண்டிகளையும் சிலர் அப்படியே மாத்த ஆரம்பிச்சாங்க. அவ்ளோ கனமான வண்டிக்கு 6எஸ் பத்தலை. ஆனா 2008 வாக்கில் வந்து பேர் வாங்கின கேஸில் நிறுவனத்தோட மாம்பா மான்ஸ்டர் கார் இஎஸ்சிக்கே உச்ச வரம்பு 6எஸ்தான், அதாவது முழு சார்ஜ்ல 25.2 வோல்ட்.

அதே கேஸில் நிறுவனம் விமானங்களுக்காக ஃபீனிக்ஸ் எச்வி-ன்னு ஒரு வரிசை வெச்சிருந்தது. அது 12எஸ் வரைக்கும், அதாவது சுமார் 50 வோல்ட் வரைக்கும் தாங்கும். கார் இஎஸ்சியில கிடைக்காத வோல்டேஜ் விமான இஎஸ்சியில கிடைச்சது. அதனால வேற வழியில்லாம அதை டிரக்குல மாட்டினாங்க. அப்படி மாட்டினவங்கள்ல விவரம் தெரிஞ்சவங்க ஒரு வேலை செஞ்சாங்க. நைட்ரோ வண்டியில ஏற்கெனவே இருந்த டிஸ்க் பிரேக்கைக் கழட்டாம, அதுக்குத் தனியா ஒரு சர்வோ வெச்சு ஓட்டினாங்க. இஎஸ்சிக்குப் பிரேக் போடத் தெரியாதுங்கறதை அவங்க முதல்லயே ஒத்துக்கிட்டாங்க. அது ஏன் தெரியாதுன்னு கொஞ்சம் கீழே பார்ப்போம்.

லோடுதான் எல்லாமே

புரொப்பெல்லருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது சுத்தத் தேவையான டார்க், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். பவர் வேகத்தின் கனத்துக்கு ஏத்த மாதிரி கூடும். வேகம் பாதியானா டார்க் நாலுல ஒண்ணு, பவர் எட்டுல ஒண்ணு. நின்னுட்டு இருக்கும்போது லோடு கிட்டத்தட்ட பூஜ்யம், விரலால தட்டினாலே சுத்தும். இஎஸ்சிக்கு இதைவிட ஒழுக்கமான லோடு கிடைக்காது. மெதுவா இருக்கும்போது தொந்தரவே கொடுக்காது. முழு வேகத்துல மட்டும்தான் முழு கரண்ட் கேட்கும். அந்த நேரத்துல புரொப்பெல்லரே காத்தடிச்சு இஎஸ்சியைக் குளிர வைக்கும்.

டிரக் இதுக்கு நேர் எதிர். நடுரோட்டுல நின்னு போன வேனைத் தள்ளியிருக்கீங்களா? முதல் அடிதான் கஷ்டம், உருள ஆரம்பிச்சுட்டா லேசாயிடும். டிரக் மோட்டாருக்கும் அதே கதைதான். டார்க் அதிகமா தேவைப்படுறது வேகம் பூஜ்யமா இருக்கிற நொடியில. டிராக்ஸஸ் எக்ஸ்-மேக்ஸ் மாதிரி ஒரு 8எஸ் டிரக் எட்டு கிலோவுக்கு மேல எடை. அது மணல்ல புதைஞ்சு, சக்கரம் நகராம, நீங்க ட்ரிகரை அழுத்திக்கிட்டே இருந்தா மோட்டார் சுத்தாது, கரண்ட் மட்டும் ஏறும். புரொப்பெல்லர் வாழ்க்கையில இப்படி ஒரு நிலைமை வரணும்னா விமானம் மூக்குக் குத்தி விழுந்து கிடக்கணும்.

வாட் மீட்டர்ல தெரியாத கரண்ட்

நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான். பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் நடுவுல ஒரு வாட் மீட்டர் வெச்சு, "40 ஆம்பியர்தான் இழுக்குது, 120 ஆம்பியர் இஎஸ்சி தாராளம்"னு முடிவு பண்ணுவாங்க. மீட்டர் பொய் சொல்லலை. ஆனா அது காட்டுறது பேட்டரி கரண்ட். மாஸ்ஃபெட் சுமக்கிறது மோட்டார் கரண்ட். ரெண்டும் ஒண்ணு இல்ல.

பவர் எலக்ட்ரானிக்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு பக் கன்வெர்ட்டர் ஞாபகம் இருக்கும். பாதி த்ராட்டில்ல இஎஸ்சி செய்யறது அதே வேலைதான். ஆன்-ஆஃப் பண்ணி வோல்டேஜைக் குறைக்குது. மோட்டார் வைண்டிங் அதுக்கு இண்டக்டரா உதவுது. நஷ்டங்களை ஒதுக்கி வெச்சா, பேட்டரி கரண்ட் = டியூட்டி சைக்கிள் பெருக்கல் மோட்டார் கரண்ட்.

இதை ரெண்டு வண்டிக்கும் போட்டுப் பார்ப்போம். முழு த்ராட்டில்ல 100 ஆம்பியர் எடுக்கிற விமானம், புரொப்பெல்லர் வேகத்தைப் பாதியாக்கினா டார்க் நாலுல ஒண்ணு. மோட்டார் கரண்ட் சுமார் 25 ஆம்பியர், பேட்டரியில் இருந்து சுமார் 12.5 ஆம்பியர். ரெண்டுமே 100-ஐவிட எவ்வளவோ கம்மி. அதனால விமானத்துக்கு "முழு த்ராட்டில் கரண்ட்டை மட்டும் அளந்தா போதும்"ங்கற விதி சரியா வேலை செய்யும்.

டிரக் மணல் மேட்டுல மெதுவா ஏறுது, டியூட்டி சைக்கிள் 20 சதவீதம், மீட்டர்ல 40 ஆம்பியர் காட்டுது. அப்போ மோட்டார்லயும் மாஸ்ஃபெட்லயும் ஓடுற கரண்ட் எவ்வளவு? 40-ஐ 0.2-ஆல வகுத்தா 200 ஆம்பியர். இஎஸ்சிக்குள்ள கரண்ட் போற பாதையோட ரெசிஸ்டன்ஸ் 2 மில்லி ஓம்னு வெச்சுக்கிட்டா, 100 ஆம்பியர்ல 20 வாட் வெப்பம், 200 ஆம்பியர்ல 80 வாட். தீப்பெட்டி சைஸ்ல இருக்கிற ஒரு போர்டுக்குள்ள 80 வாட்!

பழைய விமான இஎஸ்சிகள்ல இன்னொரு செலவும் சேரும். பிடபிள்யூஎம் ஆஃப் ஆகிற நேரத்துல மோட்டார் கரண்ட் நின்னுடாது. மாஸ்ஃபெட்டுக்குள்ள இருக்கிற பாடி டயோடு வழியா சுத்தும். அந்த டயோடுல 0.8 வோல்ட் விழும்னு வெச்சா, 200 ஆம்பியர் பெருக்கல் 0.8 வோல்ட், அதுவும் 80 சதவீத நேரம். கணக்குப் போட்டா 128 வாட். புதிய இஎஸ்சிகள் அந்த நேரத்துல எதிர்ப்பக்க மாஸ்ஃபெட்டை ஆன் பண்ணி இந்த நஷ்டத்தைக் குறைச்சுடும். பழசுல அது கிடையாது, விமானத்துக்கு அது பெரிசா தேவைப்படவும் இல்ல. "முழு த்ராட்டில் கொடுத்தேன், ஒண்ணும் ஆகலை, மெதுவா ஓட்டும்போது எரிஞ்சு போச்சு"ன்னு சொல்றவங்களோட புதிருக்கு விடை இங்கதான் இருக்கு.

ஸ்டார்ட் ஆகிற நொடி

பெரும்பாலான விமான இஎஸ்சிகள் சென்சார் இல்லாதவை. ரோட்டர் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்க, கரண்ட் கொடுக்காம விட்டிருக்கிற மூணாவது வயர்ல வர்ற பேக் இஎம்எஃப்-ஐப் பார்க்கும். மோட்டார் நிக்கும்போது பேக் இஎம்எஃப் பூஜ்யம். அப்போ இஎஸ்சிக்குக் கண்ணு தெரியாது. அதனால முதல் சில ஸ்டெப்புகளை குருட்டாம்போக்குல போடும். ரோட்டர் கூடவே வந்துடும்னு நம்பிப் போடும். புரொப்பெல்லர் லேசா இருக்கிறதால ரோட்டரும் கூடவே வந்துடும்.

டிரக்குல அந்த நம்பிக்கை உடையும். கியர், டிஃபரன்ஷியல், எட்டு கிலோ எடை எல்லாம் சேர்ந்து ரோட்டரைப் பிடிச்சு வெச்சிருக்கும். இஎஸ்சி அடுத்த ஸ்டெப்புக்குப் போயிடும், ரோட்டர் அங்கேயே இருக்கும். வண்டி கிடுகிடுன்னு உதறும். ஹாபியில இதுக்கு காகிங்னு பேரு. ஒவ்வொரு உதறலும் தப்பான வைண்டிங்ல போற ஒரு பெரிய கரண்ட். ஹெலிகாப்டருக்குன்னு இருக்கிற சாஃப்ட் ஸ்டார்ட் மோடு ஆன்ல இருந்தா இன்னும் மோசம். ரோட்டரைப் பல நொடி எடுத்து மெதுவா சுத்த வைக்கிற அந்த மோடு, டிரக்குல ட்ரிகருக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஆக்கிடும்.

இதுக்கு ரெண்டு மருந்து உண்டு. ஒண்ணு, ஹால் சென்சார் இருக்கிற மோட்டாரும் அதைப் படிக்கத் தெரிஞ்ச இஎஸ்சியும். ரெண்டாவது, கியர் ரேஷியோ. பினியன் கியர்ல பல்லைக் குறைச்சா மோட்டார் வேகமா சுத்தி சக்கரம் மெதுவா சுத்தும். மோட்டார் கொடுக்க வேண்டிய டார்க் குறையும், கரண்ட்டும் குறையும். டாப் ஸ்பீடு கொஞ்சம் போகும், இஎஸ்சி பிழைக்கும்.

பிரேக்கும் ரிவர்ஸும்

விமான இஎஸ்சி செட்டிங்ல "பிரேக்"னு ஒண்ணு இருக்குமே, அது போதாதா? போதாது. அது கிளைடர்ல இருக்கிற மடியும் புரொப்பெல்லருக்காக வெச்சது. த்ராட்டில் பூஜ்யத்துக்கு வந்ததும் மோட்டாரோட மூணு வயரையும் ஷார்ட் பண்ணி புரொப்பெல்லரை நிறுத்தும், அது மடங்கிக்கும். அதை டிரக்குல ஆன் பண்ணினா ட்ரிகரை விடுற ஒவ்வொரு தடவையும் சக்கரம் பிடிச்சுக்கும். ஆஃப் பண்ணினா பிரேக்கே கிடையாது, வண்டி உருண்டு போய்க்கிட்டே இருக்கும்.

எவ்வளவு சக்தி உருண்டு போகுதுன்னு பாருங்க. 9 கிலோ டிரக், மணிக்கு 80 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு சுமார் 22 மீட்டர். இயக்க ஆற்றல் சுமார் 2200 ஜூல். 2 நொடியில நிறுத்தணும்னா சராசரியா 1100 வாட் எங்கேயாவது போகணும். கார் இஎஸ்சி அதுல ஒரு பங்கை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும், மீதி வைண்டிங்லயும் மாஸ்ஃபெட்லயும் வெப்பமாகும். அதைத் தாங்குற மாதிரியே அதை வடிவமைச்சிருப்பாங்க. புரொப்பெல்லரைக் காத்தே நிறுத்திடும்ங்கறதால விமான இஎஸ்சிக்கு இந்தக் கவலை இருந்ததில்ல. பழைய ஆட்கள் டிஸ்க் பிரேக்கைக் கழட்டாம விட்டது ஏன்னு இப்போ புரியுதா? அந்த 2200 ஜூல் டிஸ்க்குல போய் வெப்பமாச்சு, இஎஸ்சிக்கு அதுல வேலையே இல்ல.

ரிவர்ஸ் விஷயத்துல நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. சைமன்கே ஃபர்ம்வேர்ல கார் மாதிரி ரிவர்ஸ் வேலை செய்ய வைக்கிற ஆப்ஷன் உண்டு. பிஎல்ஹெலி_32, ஏஎம்32 மாதிரியான ஃபர்ம்வேர்கள்லயும் ரெண்டு திசையிலயும் சுத்துற மோடு இருக்கு. சின்ன ராக் கிராலர் வண்டிகள்ல ஏஎம்32 இஎஸ்சி இப்போ சகஜம். ஃபர்ம்வேர் மாத்தினா ரிவர்ஸ் கிடைக்கும். மாஸ்ஃபெட்டோட வெப்பத் தாங்கும் சக்தி ஃபர்ம்வேர்ல கிடைக்காது.

1500 மைக்ரோசெகண்ட் ஆபத்து

ரிசீவர் இஎஸ்சிக்கு அனுப்புறது ஒரு பல்ஸ். அதோட அகலம் 1000-ல இருந்து 2000 மைக்ரோசெகண்ட் வரைக்கும். விமானத்துக்கு 1000 என்றால் த்ராட்டில் பூஜ்யம், 2000 என்றால் முழுசு. துப்பாக்கி மாதிரி பிடிக்கிற கார் ரேடியோவுல ட்ரிகரைத் தொடாம விட்டா 1500 வரும். கார் இஎஸ்சிக்கு அது நியூட்ரல். விமான இஎஸ்சிக்கு அது பாதி த்ராட்டில்!

நல்லவேளையா, பெரும்பாலான விமான இஎஸ்சிகள் ஆன் பண்ணும்போது த்ராட்டில் பூஜ்யத்துல இல்லன்னா ஆர்ம் ஆகாது, பீப் அடிச்சுக்கிட்டே இருக்கும். அதனால த்ராட்டில் காலிபரேஷன் பண்ணி, ட்ரிகர் நியூட்ரல் இஎஸ்சியோட பூஜ்யமா இருக்கிற மாதிரி செட் பண்ணணும். இங்க பல பேர் மறக்கிறது ஃபெயில்சேஃப். ரேடியோ சிக்னல் அறுந்து போனா ரிசீவர் முன்னாடியே சேமிச்சு வெச்ச ஒரு பல்ஸை அனுப்பும். அது தப்பான எண்ணா இருந்தா, இஎஸ்சியைப் பொறுத்தவரை அது சரியான கட்டளைதான். 9 கிலோ டிரக் யாரோட கையிலயும் இல்லாம பாதி த்ராட்டில்ல ஓடும், பிரேக்கும் இல்லாம. ஃபெயில்சேஃப் வந்தா இஎஸ்சிக்குப் பூஜ்யம், பிரேக் சர்வோவுக்கு முழு பிரேக். சக்கரத்தைத் தரையில இருந்து தூக்கி வெச்சு, ரேடியோவை ஆஃப் பண்ணி இதைச் சோதிக்காம வண்டியைத் தரையில வைக்கக் கூடாது.

50 வோல்ட்டோட குணம்

12எஸ் முழு சார்ஜ்ல 50.4 வோல்ட். இஎஸ்சிக்குள்ள 60 வோல்ட் மாஸ்ஃபெட் இருந்தா மிச்சம் 9.6 வோல்ட்தான். இதுல வயரோட இண்டக்டன்ஸ் விளையாடும். கூடுதல் வயரால 0.3 மைக்ரோஹென்றி சேர்ந்துச்சுன்னு வைங்க. 100 ஆம்பியர் 1 மைக்ரோசெகண்டுல நின்னா அதுல பிறக்கிற வோல்டேஜ் 30 வோல்ட். இஎஸ்சி வாசல்ல இருக்கிற கெப்பாசிட்டர்தான் இதை விழுங்கணும். டிரக்குல ரெண்டு பேட்டரியை ரெண்டு பக்கமும் வெச்சு சீரிஸ்ல இணைப்பாங்க. அதனால வயர் நீளம் தானா கூடும். வயரை முடிஞ்சவரைக்கும் சின்னதா வெச்சு, லோ இஎஸ்ஆர் கெப்பாசிட்டர்களை இஎஸ்சிக்கு ஒட்டியே சேர்க்கணும்.

அந்த கெப்பாசிட்டர்களாலயே பேட்டரி கனெக்ட் பண்ணும்போது 'பட்'னு தீப்பொறி பறக்கும். கனெக்டரோட முலாம் கருகும். எக்ஸ்டி90-எஸ் மாதிரி ஆன்டி-ஸ்பார்க் கனெக்டருக்குள்ள சுமார் 5.6 ஓம் ரெசிஸ்டர் இருக்கு. முதல் தொடுதல் அது வழியா நடக்கிறதால 50.4 வோல்ட்லயும் கரண்ட் 9 ஆம்பியரைத் தாண்டாது.

அடுத்தது பிஇசி, அதாவது ரிசீவருக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் கொடுக்கிற பகுதி. ஹை வோல்டேஜ் விமான இஎஸ்சிகள் பலதுல இது இருக்காது. லீனியர் ரெகுலேட்டர் வெச்சு 50 வோல்ட்டை 5 ஆக்கி 2 ஆம்பியர் எடுத்தா, அந்தச் சின்ன ஐசியில 90 வாட் வெப்பம் வரும், அதான். தனியா ஸ்விட்சிங் பிஇசி இல்லன்னா ரிசீவருக்குன்னு தனி பேட்டரி வைக்கணும். பெரிய டிரக்கோட ஸ்டீயரிங் சர்வோ ஒரு கல்லுல மாட்டிக்கிட்டா பல ஆம்பியர் இழுக்கும். பிஇசி அங்க படுத்தா ஸ்டீயரிங்கும் போச்சு, பிரேக் சர்வோவும் போச்சு. இதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

கடைசியா குளிர்ச்சி. விமான இஎஸ்சியோட ஆம்பியர் எண் காத்து ஓடும்ங்கற நம்பிக்கையில போட்டது. டிரக்குக்குள்ள அது மூடின பாடிக்குக் கீழ, புழுதிக்கு நடுவுல உட்கார்ந்திருக்கும். ஹீட் சிங்க், ஃபேன், தண்ணியும் தூசியும் போகாத ஒரு உறை மூணும் நீங்களே செஞ்சுக்கணும். உறை போட்டா காத்து நிக்கும், காத்து விட்டா தூசி வரும். கார் இஎஸ்சி விலையில ஒரு பங்கு இந்தச் சிக்கலை அவங்களே தீர்த்து வெச்சதுக்காகத்தான்.

அப்போ எங்க மாட்டலாம்?

லோடு புரொப்பெல்லர் மாதிரி நடந்துக்கிற இடத்துல தாராளமா மாட்டலாம். நேர்கோட்டுல வேகம் மட்டும் பார்க்கிற ஸ்பீடு ரன் வண்டி ஓரளவுக்கு அப்படித்தான். உருட்டிவிட்டு மெதுவா வேகம் ஏத்தினா ஸ்டார்ட் பிரச்சினை குறையும். ரிவர்ஸ் தேவையில்ல, பிரேக்குக்கு டிஸ்க் வெச்சுக்கலாம். ரோபோ வார் போட்டியில சுத்துற ஆயுதத்துக்கு டிரோன் இஎஸ்சி போடுறதும் இதே காரணத்தாலதான் பல நேரம் ஒத்து வருது. ஒரே திசை, ஃப்ரீயா சுத்த ஆரம்பிக்கும், மெதுவா வேகம் பிடிக்கும். அதே ரோபோவோட சக்கரத்துக்கு அதே இஎஸ்சியைப் போட்டா நடத்தை வேற மாதிரி இருக்கும்.

மணல், மேடு, குதிக்கிறது, நின்னு நின்னு போறது, பின்னாடி வர்றதுன்னு எல்லாம் வேணும்னா அதுக்குன்னு செஞ்சதை வாங்குறதுதான் கணக்கு. 2008-ல இருந்த பற்றாக்குறை இன்னிக்கு இல்ல. கேஸில் மாம்பா எக்ஸ்எல்எக்ஸ், ஹாபிவிங் மேக்ஸ்5 எல்லாம் 8எஸ் கார் இஎஸ்சிகள்தான். ஹாபிவிங்ல எச்வி-ன்னு பேர் போட்ட கார் இஎஸ்சிகள் 12எஸ் வரைக்கும் போகும்.

நடுவுல இன்னொரு வழியும் இருக்கு. ஸ்வீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெட்டர் உருவாக்கின விஇஎஸ்சி. ஓப்பன் சோர்ஸ், எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டு ஓட்டுறவங்க மத்தியில பிரபலம். ஸ்கேட்போர்டும் டிரக் மாதிரிதான், பூஜ்யத்துல இருந்து கிளம்பணும், பிரேக் பிடிக்கணும். அதோட செட்டிங் பக்கத்தைத் திறந்தா மோட்டார் கரண்ட் வரம்புன்னு ஒண்ணு, பேட்டரி கரண்ட் வரம்புன்னு வேற ஒண்ணு, தனித்தனியா கேட்கும். பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குத் திரும்பிப் போற கரண்ட்டுக்கும் தனி வரம்பு உண்டு. மேலே பார்த்த 40 ஆம்பியர், 200 ஆம்பியர் விஷயம் அந்த ஒரு பக்கத்துலயே இருக்கு. ஹார்டுவேர் வாங்காட்டியும் பரவாயில்ல, அந்த மென்பொருளை இறக்கி அந்தப் பக்கத்தை ஒரு தடவை பாருங்க.

நம்ம காலேஜ்கள்ல 12எஸ் டிரக் கட்டுறவங்க கம்மி. ஆனா டிரோன் ப்ராஜெக்ட்ல மிஞ்சின 30 ஆம்பியர் இஎஸ்சியையும் 1000 கேவி ஏ2212 மோட்டாரையும் எடுத்து ரோவருக்கு மாட்டலாம்ங்கற யோசனை வராத லேப் இருக்காது. வோல்டேஜ் 11.1-தான், இயற்பியல் அதேதான். ஒரு மோட்டார்ல ஏறக்குறைய 10,000 ஆர்பிஎம்முக்கு மேல சுத்துற வேகம், கியர் இல்லாத சக்கரம், கண்ணு தெரியாத ஸ்டார்ட். மெதுவா போற ரோவருக்கு கியர் வெச்ச சாதாரண டிசி மோட்டாரும் எச்-பிரிட்ஜ் டிரைவரும் ரொம்ப நல்லாவே வேலை செய்யும்.

எதை மாட்டினாலும் ஒரு சோதனையை மட்டும் நம்பாதீங்க. வண்டியை ஸ்டாண்டுல தூக்கி வெச்சு, சக்கரம் சுத்துது, எல்லாம் சரின்னு சொல்ற சோதனை. ஃபெயில்சேஃப் பார்க்க அது சரி. லோடு பார்க்க அது உதவாது, ஏன்னா தரையைத் தொடாத சக்கரம் இஎஸ்சிக்கு ஒரு சின்ன புரொப்பெல்லர் மாதிரிதான் தெரியும். அந்தச் சோதனையில எல்லா இஎஸ்சியும் பாஸ். தரையில வெச்சு, ஒரு சின்ன மேட்டுல, மெதுவா, ஒரு நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்தி, பேட்டரியைக் கழட்டி, இஎஸ்சியோட வெப்பத்தை அளந்து பாருங்க. அப்புறம் ரெண்டு நிமிஷம், மறுபடி அளவு. முழு த்ராட்டிலைக் கடைசியா வெச்சுக்கோங்க.